பாகம் ஈ

எனக்கு ஓவியம் தெரியாது.
அளவு நாடா தெரியும்.
மாநகர் மன்றக் கலைப்பிரிவில் பதினோராவது வருஷமாகச்
சுவர்களை அளந்துகொண்டிருக்கிறேன்.
சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர்,
பாசி பிடிக்காத மேல்பூச்சு எந்தக் கடையில் மலிவு,
சாரம் வாடகை, காப்புறுதி,
சுவர்க்காரரின் ஒப்புதல் கடிதம்.
அந்தக் கடிதம் இல்லாமல்தான்
பாதி ஓவியங்கள் செத்துப்போகின்றன.

இந்த வருஷம் நாற்பத்தாறு விண்ணப்பம்.
முப்பதில் பூனை.

நளாயினி அனுப்பியதில் படமே இல்லை.
சுங்கை பினாங்கு ஓரத்து வரிசைவீடுகள் பதினேழு,
அவற்றின் முன்சுவரில்
ஒரே ஒரு நீலக் கோடு.
போன நவம்பர் வெள்ளம் நின்ற உயரம்.
தலைப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

நடுவர் குழு கூடிய அன்று
கறிபாப் தீர்ந்த பிறகும் பேச்சு தீரவில்லை.
சுற்றுலாக்காரர்கள் இதன் பக்கத்தில்
எப்படி நின்று படம் எடுப்பார்கள் என்றார் ஒருவர்.
கோட்டின்மேல் ஒரு வாத்து நீந்தினால் என்ன என்றார் இன்னொருவர்.
கட்டடக்கலைப் பேராசிரியர் இங்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"என் கார் அந்தப் பக்கம்தான் மிதந்தது" என்றார்.
அதற்குப் பிறகு கை தூக்கினார்கள்.
நாலுக்கு மூன்று.
கேட்டது பதினெட்டாயிரம் வெள்ளி.
கொடுத்தது ஏழாயிரத்து இருநூறு,
முதல் தவணை பாதி.
வாத்தை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

வடிகால் பிரிவு பதினான்காம் மாடி.
நாங்கள் மூன்றாம் மாடி.
மின்தூக்கி ஒன்றுதான், என்றாலும்
கோப்புகள் அதில் ஏறிப் பார்த்ததில்லை.
ஆற்றைத் தூர்வார வைத்த பணம் வேறு கணக்கு.
ஆறு வந்துபோன உயரத்தைக் காட்ட வைத்த பணம்
என் கணக்கு.
இதைச் சொன்னபோது நளாயினி சிரிக்கவில்லை.
தூரிகையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டாள்.
நுகர்பொருள், என்றேன்.

லேசர் கருவியோடு போனேன்.
வரைவில் கோடு நேர்,
தரையிலிருந்து ஒரு மீட்டர் இருபது.
முதல் வீட்டிலேயே தகராறு.
"எங்க வீட்டுல சாமி அலமாரி வரைக்கும் வந்துச்சு,
பிள்ளையார் கால் நனைஞ்சத நான் பாத்தேன்ல" என்றார் ஜெகதாம்பாள்.
பக்கத்து வீட்டு தியோவுக்கு ஐஸ்பெட்டிக் கைப்பிடி.
மக் சித்திக்குக் கணவரின் கட்டில்.
எழுந்திருக்க முடியாதவர்.
உயரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுக்
கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

தண்ணீர் மட்டம் பொய் சொல்லாது என்றேன்.
"தண்ணி மட்டந்தான் சார்.
வீடு மட்டமா இருக்கா?" என்றாள் நளாயினி.

காட்டிய இடத்திலெல்லாம் தூரிகை வைத்தாள்.
கோடு மக் சித்தி வீட்டில் கட்டிலளவு தாழ்ந்தது,
ஜெகதாம்பாள் வீட்டில் சட்டென்று எகிறியது.
பதினோராம் வீடு பூட்டியிருந்தது.
வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் திரும்பவில்லை.
அங்கே கோடு இல்லை.
வெறும் சுவர், உரிந்த கட்சி ஸ்டிக்கர்.

இரண்டாம் தவணைக்குப் பாகம் ஈ நிரப்ப வேண்டும்.
வேலை அங்கீகரித்த வரைவின்படி முடிந்ததா?
ஆம். இல்லை.
மூன்று நாள் மேசையில் கிடந்தது.
ஆம் என்றால் நான் பொய்யன்.
இல்லை என்றால் அவளுக்கு மூவாயிரத்து அறுநூறு போச்சு.
சாயக்கடைக் கடனோ அதைவிடக் கூட.

நான்காம் நாள் பசியாறாமல் வந்து
இரண்டையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்:
வரைவில் தவறு இருந்தது. சுவரில் திருத்தப்பட்டது.
மேலதிகாரி ரொஸ்னா படித்தார்.
இதற்குக் கட்டமே இல்லையே என்றார்.
கையெழுத்தும் போட்டார்.

நேற்று பிற்பகல் மழை.
சன்னலில் இருந்த மலை காணாமல் போனது.
மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுப்பதுபோல் இடி.
நாலரைக்குக் கைப்பேசியில் ஜெகதாம்பாள் அனுப்பிய படம்:
சாக்கடை நிரம்பி முன்வாசல் வரை.
கோடு அதற்கு மேலே, உலர்ந்து.
கீழே ஒரு வரி.
"சார், இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு,
வந்து அளக்க முடியுமா?"

நாடாவைப் பையில் போட்டேன்.
மின்தூக்கி வந்தது.
கீழே போகும் பொத்தானில் வைத்த விரலை எடுத்துப்
பதினான்கை அமுக்கினேன்.